பாராட்டு மடலில் 'இன்ஸ்பிரிட்' போடலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதிய தம்பிக்கு,

உங்கள் கடிதம் நீளமானது, மற்றவர்களுக்காக அதைக் கொஞ்சம் சுருக்கிவிடுகிறேன். உங்கள் தெருவில் ஒரு கேரம் கிளப். அதை நடத்தும் மாஸ்டர் ஒரு பைசா வாங்காமல் பிள்ளைகளுக்கு ஆடக் கற்றுக்கொடுக்கிறவர். அவரிடம் ஆடிப் பழகியவர்களில் சிலர் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கும் போய்விட்டார்கள். அவர்கள் எல்லாரும் சேர்ந்து மாஸ்டருக்கு ஒரு பாராட்டு விழா வைக்கிறார்கள், ஃபிரேம் போட்ட மடல் ஒன்றும் கொடுக்கிறார்கள். விழாவுக்கு வரும் அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, அதனால் மடல் ஆங்கிலத்தில். எழுதும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. 'என்கரேஜ்' என்று எல்லாரும் எழுதுவதையே எழுதக்கூடாது என்று போனில் தேடினீர்கள், 'இன்ஸ்பிரிட்' என்று ஒரு வினைச்சொல் கிடைத்தது, 'ஹி ஆல்வேஸ் இன்ஸ்பிரிட்டட் அஸ் டு வின் மேட்சஸ்' என்று எழுதினீர்கள். உங்கள் மாமா பையன் அதைப் பார்த்துவிட்டு, இன்ஸ்பையருக்கு ஸ்பெல்லிங் தெரியாமல் எழுதியிருக்கிறாய் என்று நான்கு பேர் எதிரில் சிரித்துவிட்டான். அப்படி ஒரு சொல் இருக்கிறதா, இருந்தால் போடலாமா, மேடையில் எப்படி வாசிப்பது, அதே பட்டியலில் வந்த 'அபெட்', 'எக் ஆன்', 'எம்போல்டன்', 'எக்ஸார்ட்', 'ஹார்ட்டன்' இதிலெல்லாம் ஏதாவது தேறுமா என்பது உங்கள் கேள்வி.

சொல் இருக்கிறது தம்பி. உங்கள் மாமா பையன்தான் தப்பு. ஆனால் நீங்கள் எழுதிய வாக்கியமும் சரியில்லை, அது வேறு காரணம், வருகிறேன்.

இன்ஸ்பிரிட் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கிய சொல். ஸ்பிரிட் என்பதற்கு முன்னால் 'இன்' சேர்த்து உண்டாக்கியது, அவ்வளவுதான். ஒருவருக்குள் உயிர்ப்பை ஏற்றுவது, சோர்ந்து கிடப்பவரைத் தெம்பாக்குவது என்று பொருள். இன்ஸ்பையரும் கிட்டத்தட்ட இதே குடும்பம்தான். இரண்டுக்கும் அடியில் இருப்பது மூச்சைக் குறிக்கும் லத்தீன் சொல், இன்ஸ்பையர் என்றால் மூலத்தில் உள்ளே ஊதுவது. பங்காளிகள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் யாராவது ஒருவர் வெளியே போகத்தானே வேண்டும், இன்ஸ்பிரிட் போய்விட்டது. இன்ஸ்பையரும் என்கரேஜும் அதன் வேலையை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டன. இன்று அகராதியிலும் பழைய நாவலிலும் போர் வரலாற்றிலும் பார்க்கலாம், பேச்சில் யாரும் சொல்வதில்லை. 'இன்ஸ்பிரிட்டிங்' என்ற பெயரடை மட்டும் எப்போதாவது எட்டிப் பார்க்கும்.

ஆனால் பொருளில் ஒரு வித்தியாசம் உண்டு, உங்கள் மடலுக்கு அதுதான் முக்கியம். இன்ஸ்பையர் செய்தால் அதற்குப் பிறகு ஏதாவது பிறக்கும்: ஒரு யோசனை, ஒரு கவிதை, நானும் டாக்டராக வேண்டும் என்ற ஆசை. நம்மை இன்ஸ்பையர் செய்தவர் நம்மைப் பார்த்திருக்கக்கூடத் தேவையில்லை. மரிய இருதயம் கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கியது உங்கள் கிளப்பில் உள்ளவர்களை இன்ஸ்பையர் செய்திருக்கலாம், 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் சென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கியது இப்போது ஆடும் சின்னப் பெண்களை நிச்சயம் செய்திருக்கும். இன்ஸ்பிரிட் அப்படியில்லை. அதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் கொஞ்சம் துவண்டும் இருக்க வேண்டும். பழைய எழுத்தில் இந்தச் சொல் அதிகம் வருவது களைத்துப்போன படைகளைப் பற்றிச் சொல்லும்போதுதான்: தளபதி வந்து நின்றார், சிப்பாய்கள் இன்ஸ்பிரிட் ஆனார்கள். ஜெயித்தார்களா என்பதை இந்தச் சொல் சொல்லாது. நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், அதோடு அதன் வேலை முடிந்தது.

இப்போது உங்கள் வாக்கியத்தில் எது இடிக்கிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். 'டு வின் மேட்சஸ்' என்ற வால்தான். என்கரேஜுக்கு இரண்டு கேள்வி உண்டு, யாரை, என்ன செய்யச் சொல்லி. அதனால் 'என்கரேஜ்ட் அஸ் டு ப்ளே' சரி. இன்ஸ்பிரிட்டுக்கு ஒரே கேள்விதான், யாரை. 'ஹி இன்ஸ்பிரிட்டட் அஸ்', முற்றுப்புள்ளி. பழைய புத்தகங்களில் தேடினால் அந்த வாலோடும் ஒன்றிரண்டு இடத்தில் கிடைக்கும், அதைக் காட்டி என்னிடம் வாதாடாதீர்கள், இன்றைக்கு வாசிப்பவர் காதில் அது உறுத்தும்.

சரி, மடலில் போடலாமா?

இங்கேதான் உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கம் என்னை யோசிக்க வைத்தது. மாவட்டப் போட்டியில் ஒன்பதாவது படிக்கும் பெண் ஒருத்தி ரெட் என்கிற சிவப்புக் காயைப் போட்டுவிட்டு, அதை உறுதிசெய்யப் போட வேண்டிய ஃபாலோ காய்க்கு அடித்ததில் ஸ்ட்ரைக்கரும் கூடவே குழிக்குள் போய்விட்டது, ரெட் திரும்ப நடுவுக்கு வந்துவிட்டது, அந்த கேமும் போனது என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த கேமுக்கு முன்னால் அவள் தலையைத் தூக்கவே இல்லை. மாஸ்டர் போய், ஏன் அந்த ஷாட்டை ஆடினாய் என்று கேட்கவில்லை. ஸ்ட்ரைக்கரைத் தன் கைக்குட்டையில் துடைத்து அவள் கையில் வைத்து, 'கை ஈரமா இருக்குடா, பவுடர் போட்டுக்கோ' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார். அவளும் பவுடர் போட்டுக்கொண்டு போர்டுக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள்.

இன்ஸ்பிரிட் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இனிமேல் நான் இந்த இடத்தைத்தான் சொல்வேன். அவர் அறிவுரை சொல்லவில்லை, கைதட்டவில்லை, நீ ஜெயிப்பாய் என்று வாக்குக் கொடுக்கவில்லை. அந்தப் பெண் பிறகு ஜெயித்தாளா என்று நீங்கள் எழுதவே இல்லை, எழுதாமல் விட்டதும் நல்லதுதான். ஆக, உங்கள் போன் கொடுத்த சொல் உங்கள் மாஸ்டருக்குப் பொருந்துகிற சொல்தான். தற்செயலாகப் பொருந்தியிருக்கிறது, ஆனாலும் பொருந்துகிறது.

பொருந்தினாலும் மடலில் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நான் பாரிமுனையில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்திப் பிழைப்பு நடத்துகிறவள். விண்ணப்பம், பிரமாணப் பத்திரம், பிரிவுபசார மடல் எல்லாம் என் மேஜைக்கு வரும். அதில் பார்த்தது என்னவென்றால், வாசிக்கிறவருக்கு ஒரு சொல் தெரியவில்லை என்றால் அவர் அகராதியைத் தேடிப் போவதில்லை, எழுதியவன் தப்பாக எழுதிவிட்டான் என்று முடிவு கட்டிவிடுவார். உங்கள் மாமா பையன் செய்தது அதுதான். அந்த ஃபிரேம் கிளப் சுவரில் தொங்கும், அடுத்த பத்து வருஷத்துக்கு வருகிறவர் போகிறவரெல்லாம் மாஸ்டர் பெயருக்குக் கீழே ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் போய் அது 1600-களில் இருந்து இருக்கும் சொல் என்று விளக்குவீர்களா?

இன்னொரு வம்பும் இருக்கிறது. 'இன் ஸ்பிரிட்' என்று இடைவெளி விட்டு எழுதினால் அது வேறு பொருள், உடம்பால் இல்லாவிட்டாலும் மனதால் உடன் இருப்பது. ஊரில் இல்லாதவர்கள் கல்யாணத்துக்கு வாழ்த்து அனுப்பும்போது 'வித் யூ இன் ஸ்பிரிட்' என்று எழுதுவார்களே, அது. டைப் செய்யும் கம்ப்யூட்டரோ கடைக்காரரோ நல்லது செய்வதாக நினைத்து நடுவில் ஒரு இடைவெளி விட்டால் மாஸ்டர் காலமாகிவிட்டதுபோல ஒரு தொனி வந்துவிடும். ஸ்பிரிட் என்றாலே ஊசி போடுமுன் தடவுவதும் வார்னிஷில் கலப்பதும் மட்டும் ஞாபகம் வரும் நம் பக்கத்து ஆட்கள் அதை வைத்து என்னவெல்லாம் கிண்டல் செய்வார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மற்ற சொற்களுக்கு வருகிறேன். முதலில் அபெட், ஏனென்றால் அதுதான் ஆபத்தானது. என்கரேஜுக்கு இணைச்சொல் என்று போனில் அதையும் காட்டும், ஆமாம். ஆனால் அது குற்றத்துக்குத் துணைபோவது. பழைய பிரெஞ்சில் அதன் மூலச் சொல் நாயை ஏவிவிடுவதைக் குறித்தது, அந்த வாடை இன்றும் போகவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 107-வது பிரிவு இதற்குத்தான் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 45-வது பிரிவு. தூண்டிவிடுவது, சதியில் சேருவது, தெரிந்தே உதவி செய்வது மூன்றும் அதில் அடங்கும். 'தற்கொலைக்குத் தூண்டியதாக வழக்கு' என்று பேப்பரில் வருகிறதே, அந்தத் தூண்டுதல்தான் அபெட்மென்ட். என் ஆசிரியர் என் படிப்பை அபெட் செய்தார் என்று எழுதி வந்த விண்ணப்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஐகோர்ட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அதை வாசிக்கும்போது சிரிப்பதா பதறுவதா என்று தெரியாது. உங்கள் மாஸ்டர் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் வரவே கூடாது.

எக் ஆன் என்பதற்கும் முட்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது, கத்தியின் விளிம்பைச் சொல்லும் 'எட்ஜ்' என்ற சொல்லுக்கு உறவு. நாம் கொம்பு சீவிவிடுவது என்று சொல்கிறோமே, அதேதான், இரண்டு மொழியிலும் கூர்மைதான் வருகிறது பாருங்கள். கூரையிலிருந்து குதிடா, அவனைப் போய் அடிடா, இன்னும் வேகமாகப் பைக் ஓட்டுடா என்று உசுப்பேற்றுவதற்கு எக் ஆன் சரி. தமிழில் நீங்கள் ஒருபோதும் 'மாஸ்டர் எங்களை உசுப்பேத்திவிட்டார்' என்று எழுதமாட்டீர்கள் அல்லவா, ஊக்கம் கொடுத்தார் என்றுதான் எழுதுவீர்கள். இந்த வித்தியாசம் தமிழில் உங்களுக்கு யோசிக்காமலே வருகிறது. ஆங்கிலத்தில் அது வராததற்குக் காரணம் உங்களுக்கு அறிவில்லை என்பதல்ல, அந்த இணைச்சொல் பட்டியல் எல்லாச் சொல்லையும் ஒரே வரிசையில் நிற்கவைத்துக் காட்டுவதுதான். எது நல்ல காரியத்துக்கு, எது கெட்ட காரியத்துக்கு, எது மேடைக்கு, எது தெருவுக்கு என்று அது சொல்லாது. அதனால் பட்டியலில் கிடைத்த சொல்லை அப்படியே தூக்கிவராமல், அந்தச் சொல் வரும் வாக்கியங்கள் நாலைந்தைத் தேடிப் படித்துவிடுங்கள். அதில் யார் யாரை என்ன செய்கிறார் என்று பார்த்தாலே போதும், ரவுடிகளும் வழக்குகளுமாக வந்தால் விட்டுவிடுங்கள்.

எம்போல்டன் நல்லதுக்கும் வரும், கெட்டதுக்கும் வரும். போலீஸ் வராததால் திருடர்களுக்குத் துணிச்சல் வந்தது என்பதற்கும் அதுதான். எக்ஸார்ட் என்றால் இதைச் செய்யுங்கள் என்று அழுத்திச் சொல்வது, பிரசங்க மேடைச் சொல், தலைவர்கள் தொண்டர்களைப் பார்த்துச் செய்வது. உங்கள் மாஸ்டர் கைக்குட்டையில் ஸ்ட்ரைக்கரைத் துடைத்துக் கொடுக்கிற மனிதர், அவர் யாரையும் எக்ஸார்ட் செய்ததாகத் தெரியவில்லை.

ஹார்ட்டன் மட்டும் தேறும். இன்ஸ்பிரிட் செய்யும் வேலையில் பெரும்பகுதியை இன்றைக்கு ஹார்ட்டன்தான் செய்கிறது, வாசிக்கிறவருக்குப் புரியும், சுவரில் தொங்கினாலும் யாரும் சிரிக்கமாட்டார்கள். அதிகமும் 'ஐ வாஸ் ஹார்ட்டன்ட் டு சீ' என்கிற மாதிரி, நான் அதைப் பார்த்துத் தெம்படைந்தேன் என்ற வடிவத்தில்தான் வரும், ஆனால் 'ஹி ஹார்ட்டன்ட் அஸ்' என்றாலும் தப்பில்லை.

நீங்கள் ஒதுக்கிவைத்த என்கரேஜ் இருக்கிறதே, அதன் மேல் எனக்கு உங்களைவிட மரியாதை அதிகம். அதற்குள்ளும் இதயம்தான் இருக்கிறது, பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் இதயம். அது சலித்துப்போனதற்குக் காரணம் நாம் அதைத் தனியாக விடாததுதான். உங்கள் வரைவிலேயே பாருங்கள், 'என்கரேஜ்ட், மோட்டிவேட்டட் அண்ட் இன்ஸ்பையர்ட்' என்று மூன்றும் வரிசையாக வருகிறது. மூன்றில் இரண்டை அடித்துவிடுங்கள். இன்னும் சில்லறைத் திருத்தங்கள்: 'என்கரேஜ்ட் அஸ் ஃபார் ப்ளேயிங்' தப்பு, 'டு ப்ளே' என்று வர வேண்டும். டிஸ்கரேஜுக்கு மட்டும் 'ஃப்ரம் ப்ளேயிங்'. 'என்கரேஜ்மென்ட்ஸ்' என்று கடைசியில் எஸ் சேர்க்காதீர்கள், இந்தப் பொருளில் அது பெரும்பாலும் பன்மையில் வராது. 'ஸோ மச் ஆஃப் என்கரேஜ்மென்ட்' என்பதில் அந்த 'ஆஃப்' நம் ஊர்ச் சரக்கு, எடுத்துவிடுங்கள்.

மடலுக்கு நான் எழுதிப் பார்த்தது இது. 'ஹி என்கரேஜ்ட் எவ்ரி சைல்ட் ஆன் அவர் ஸ்ட்ரீட் டு ப்ளே, அண்ட் நெவர் டுக் எ ருப்பி ஃப்ரம் எனிஒன். வென் வி லாஸ்ட், ஹி ஸாட் வித் அஸ் அண்ட் வைப்ட் தி ஸ்ட்ரைக்கர் க்ளீன் ஃபார் தி நெக்ஸ்ட் கேம்.' தெருவில் உள்ள ஒவ்வொரு பிள்ளையையும் ஆடத் தூண்டினார், யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கவில்லை, நாங்கள் தோற்றபோது எங்களோடு உட்கார்ந்து அடுத்த கேமுக்கு ஸ்ட்ரைக்கரைத் துடைத்துக் கொடுத்தார். பெரிய சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் விழாவுக்கு வரும் அதிகாரி இதை வாசித்தால் நிமிர்ந்து மாஸ்டரை ஒருமுறை பார்ப்பார். 'கிரேட் லெஜண்ட்', 'எவர் கிரீன் மாஸ்டர்' எல்லாம் இருந்தால் பார்க்கமாட்டார், எல்லா மடலிலும் அதுதான் இருக்கிறது.

இல்லை மேடம், மாமா பையன் வாயை அடைத்தே ஆக வேண்டும் என்றால், மடலை விட்டுவிட்டு மேடைப் பேச்சில் போடுங்கள். 'வென் வி லாஸ்ட், ஹி இன்ஸ்பிரிட்டட் அஸ்', அதோடு நிறுத்திவிட்டு, அந்தப் பெண்ணின் கேம் கதையை உடனே சொல்லுங்கள். கதை பின்னாலேயே வந்துவிட்டால் சொல் தெரியாதவருக்கும் பொருள் விளங்கிவிடும். அழுத்தம் நடுவில் விழ வேண்டும், 'ஸ்பி'யில். 'இன்' மெலிந்து ஒட்டிக்கொண்டு வரட்டும், நடுவில் மூச்சு விடாதீர்கள், விட்டால் மேலே சொன்ன 'மனதால் உடன் இருப்பது' ஆகிவிடும். இறந்தகாலத்தில் கடைசி 'டெட்' விழுங்கப்படாமல் கேட்க வேண்டும். வீட்டில் சத்தமாக நாலு தரம் சொல்லிப் பார்த்தால் நாக்குக்குப் பழகிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஃபிரேமில் மேல் பாதி தமிழ், கீழ்ப் பாதி ஆங்கிலம் என்று வையுங்கள். அதிகாரி ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவார், மாஸ்டர் வீட்டுக்காரம்மாவும் பேரப்பிள்ளைகளும்தான் அதைத் தினமும் பார்க்கப்போகிறவர்கள். தமிழ்ப் பாதியில் 'கை ஈரமா இருக்குடா, பவுடர் போட்டுக்கோ' என்பதை மாஸ்டர் சொன்னபடியே போடுங்கள், அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப் போகாதீர்கள்.

அப்புறம், அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் மாஸ்டர் பெயரின் ஆங்கில ஸ்பெல்லிங்கையும் இனிஷியலையும் அவர் ஆதார் அட்டையைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். விழா வரை அவருக்குத் தெரியக்கூடாது என்றால் அவர் மகளிடம் கேளுங்கள். கடைக்காரர் புரூஃப் அனுப்பியதும் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.